வோல்டேஜ் பார்க்கும் சிப்: செட்டிங் எங்கே தங்க வேண்டும்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. செம்பனை ஆலையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 24 வோல்ட் தாழ்ந்தாலோ, போர்டுக்குள் 5 வோல்ட் தொங்கினாலோ, உடனே பிடித்துச் சொல்ல எந்த சிப்பைப் போடுவது? கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும்: எத்தனை சேனல், எத்தனை சதவீதத் துல்லியம், என்ன விலை. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை. எந்த அளவுக்குக் கீழே போனால் கத்த வேண்டும் என்ற செட்டிங், கரண்ட் போய் வந்த பிறகு எங்கே இருக்கும்? சிப்புக்குள்ளேயா, போர்டை நடத்தும் சின்னக் கணினியான மைக்ரோகண்ட்ரோலரின் புரோகிராமிலா, போர்டில் ஒட்டிய இரண்டு ரெசிஸ்டரிலா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

ஆலையில் வோல்டேஜ் ஏன் ஆடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிப்பின் வேகம் அதைப் பொறுத்தது. பழம் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் ஓட்டையும் பொயிலரில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றி, ஆலை தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. பொயிலர் சூடேறும்வரை ஜென்செட் (ஜெனரேட்டர்). ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் கணத்திலும், பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போதும் வோல்டேஜ் சரிந்து எழும். நல்ல நிலையில் உள்ள 24 வோல்ட் பவர் சப்ளை இதைத் தாங்கிக்கொள்ளும். பல வருஷம் வெக்கையில் கிடந்து கெப்பாசிட்டர் வற்றிப்போன சப்ளை தாங்காது. அப்போது போர்டு முழுதாக அணைந்து எழுந்தால்கூடப் பரவாயில்லை. 5 வோல்ட் 4.2-க்கு இறங்கி, மைக்ரோகண்ட்ரோலர் குழம்பி நின்று, ரிலே மட்டும் பிடித்த பிடி விடாமல் இருப்பதுதான் தலைவலி. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவித்தாக வேண்டும். தள்ளிப்போனால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகக் காரணம் தேட யாரும் விடமாட்டார்கள். எது விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்பதை ஏதாவது ஒரு சிப் சொன்னால்தான் உண்டு.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த காலத்தில் தோட்ட லயத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். முதலில் பினாங்கு பாயான் லெப்பாஸ். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு வேலை வாசலுக்கே வந்தது. சிப் என்றால் மிரளாத ஆள் இங்கே தாமானுக்குத் தாமான் (ஒவ்வொரு குடியிருப்பிலும்) உண்டு. ஆனால் தொழிற்சாலையில் பழகியது ஆயிரக்கணக்கில் போர்டு ஓடும் வரிசை. அங்கே ஒரு சிப்பை புரோகிராம் செய்ய ஒரு முழு ஸ்டேஷன் இருக்கும். பட்டறையில் ஒரே மாதிரி போர்டு ஒன்றோ பத்தோதான். அங்கே சரியான தேர்வு இங்கேயும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரெசிஸ்டரில் இருக்கும் செட்டிங்

சீரியல் பஸ்ஸே (சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கம்பி) இல்லாத வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலருக்கு இதுவே போதும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்3808 வரிசையில் ஜி01 என்ற வகை 0.405 வோல்ட்டை எல்லையாக வைத்திருக்கிறது. 5 வோல்ட் ரெயிலிலிருந்து (போர்டில் அந்த வோல்டேஜ் ஓடும் தடம்) 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று பிரித்துக் கொடுத்தால் 4.455 வோல்ட்டில், மைக்ரோகண்ட்ரோலரை மறுபடி தொடங்கவைக்கும் ரீசெட் காலைக் கீழே இழுக்கும். வோல்டேஜ் மீண்ட பிறகு எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்பதையும் ஒரு கால் தீர்மானிக்கிறது: சும்மா விட்டால் 20 மில்லி வினாடி, ரெசிஸ்டர் வழியே சப்ளையில் கட்டினால் 300 மில்லி வினாடி, கெப்பாசிட்டர் போட்டால் 1.25 மில்லி வினாடியிலிருந்து 10 வினாடி வரை நம் விருப்பம். மேலேயும் கீழேயும் எல்லை வேண்டும் என்றால் டிபிஎஸ்3700 இருக்கிறது. அதற்கு 18 வோல்ட் வரை சப்ளை கொடுக்கலாம், உள்ளே 400 மில்லி வோல்ட் எல்லை.

குறை எது? ரெசிஸ்டர் 1 சதவீத வகையாக இருந்தால் மேலே சொன்ன 4.455 என்பது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 0.08 வோல்ட் நகரலாம், சிப்பின் சொந்தப் பிழை தனி. எல்லையை மாற்ற வேண்டுமானால் சால்டரிங் அயர்ன் எடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு விழுந்தது என்று இது சொல்லாது, விழுந்தது என்று மட்டும் சொல்லும்.

ஆனால் ஆலையின் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் அண்ணன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, நாளைக்கு நீ இல்லன்னா இத யாரு சரி பண்றது?" ரெசிஸ்டர் செட்டிங்குக்கு இந்தக் கேள்வியே எழாது. மல்ட்டிமீட்டர் வைத்திருக்கும் எவரும் அளந்து பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ரீசெட் காலை எப்போதும் இந்த வகை சிப்பிடம்தான் விடுவேன்.

கரண்ட் போனால் மறந்துவிடும் சிப்

அடுத்தது ஐ2சி பஸ்ஸில் (டேட்டா, கிளாக் என்று இரண்டே கம்பி) பேசும், ஆனால் செட்டிங்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாத வகை. நம் பட்டறைகளில் அதிகம் புழங்குவது ஐஎன்ஏ226. சில ரிங்கிட்டுக்கு மொட்யூலாகவே கிடைக்கிறது. 36 வோல்ட் வரை நேராக அளக்கும் என்பதால் 24 வோல்ட்டுக்குப் பிரிக்கும் ரெசிஸ்டரே தேவையில்லை. சிப்புக்கான சப்ளை 2.7-லிருந்து 5.5 வோல்ட். ஒரு படி 1.25 மில்லி வோல்ட்.

செட்டிங் எழுதுவதில் மூன்றே ரெஜிஸ்டர்தான் (சிப்புக்குள் எண் வைக்கும் இடம்) முக்கியம். 00-இல் வேலை முறை, 06-இல் எதற்காகக் கத்த வேண்டும், 07-இல் எல்லை. கரண்ட் வந்தவுடன் 00-இல் தானாக இருக்கும் மதிப்பு ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) 4127. அதை 4527 ஆக்கினால் 16 அளவுகளின் சராசரி எடுக்கும். வோல்டேஜும் கரண்டும் (ஓடும் ஆம்பியர்) அளக்கத் தலா 1.1 மில்லி வினாடி என்பதால் ஒரு புது மதிப்பு வர 35.2 மில்லி வினாடி ஆகும். எண் ஆடாமல் அழகாக நிற்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி வினாடிதானே. அந்த அளவு சரிவு சராசரிக்குள் கரைந்து போகும். சரிவைப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் 4026 எழுத வேண்டும்: கரண்ட் அளப்பதை விட்டு, வோல்டேஜை மட்டும் 140 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை பார்க்கும். எண் கொஞ்சம் துள்ளும், பரவாயில்லை.

24 வோல்ட்டில் 10 சதவீதம் குறைந்தால் 21.6. அதை 1.25 மில்லி வோல்ட்டால் வகுத்தால் 17280, ஹெக்ஸில் 4380. அதை 07-இல் எழுதி, 06-இல் ஹெக்ஸில் 1000 எழுதினால், வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போகும்போது அலர்ட் கால் இறங்கும். 1001 எழுதினால் நாம் வந்து பார்க்கும்வரை இறங்கியே இருக்கும். ஆலைக்கு 1001-தான். சரிவு வந்து போன பிறகு தானாகவே சரியாகிவிடும் அலர்ட்டால் யாருக்கும் பயனில்லை. மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒன்றாக வேண்டும் என்றால் இந்த சிப் ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு காரணத்துக்குத்தான் கத்தும். 06-இல் பல பிட் வைத்தால் உயர்ந்த பிட் மட்டும் எடுபடும்.

எழுதியது சரியான சிப்பில்தான் போகிறதா என்று பார்க்க 254-ஆம் ரெஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸில் 5449 வர வேண்டும், 255-ஆம் ரெஜிஸ்டரில் 2260. இதில் ஒரு வேடிக்கை. சோலார் சிசிடிவிக்கு வைக்கும் 12 வோல்ட் பேட்டரியில் கீழ் எல்லை 11 வோல்ட் என்று வைத்தால் கணக்கு 8800, ஹெக்ஸில் அதுவும் 2260. எல்லையைப் படித்துச் சரிபார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சிப்பின் அடையாள எண்ணைப் படித்துவிட்டு 'ஓகே' சொல்ல வழி இருக்கிறது. 11.05 வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இதைவிடப் பெரிய பொறி பைட் வரிசை. ஐஎன்ஏ226 பெரிய பைட்டை முதலில் எதிர்பார்க்கும். ஐ2சியின் உறவான எஸ்எம்பஸ்ஸின் வழக்கமோ சிறிய பைட் முதலில். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் 'வேர்ட்' (இரண்டு பைட்) எழுதும் கட்டளை எஸ்எம்பஸ் வழக்கப்படிதான் அனுப்பும். 2260 என்று அனுப்பினால் சிப்புக்கு 6022 என்று போய்ச் சேரும், அதாவது 24610 படி, 30.76 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி எப்போதும் அதற்குக் கீழேதான் இருக்கும், அலர்ட் நிற்கவே நிற்காது. மொட்யூல் கெட்டது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் பைட்டைப் புரட்டி அனுப்பிப் பார்ப்பது நல்லது.

இனி இந்த வகையின் உண்மையான பலவீனம். ஐஎன்ஏ226 தினமும் காலையில் 'எந்த கேட்டைப் பார்க்க வேண்டும்' என்று சொல்லிவிட வேண்டிய ஜாகா (காவல்காரர்). கரண்ட் போய் வந்தால் 4127-க்குத் திரும்பிவிடும், எல்லை பூஜ்ஜியம், கத்தச் சொன்னதும் பூஜ்ஜியம். மைக்ரோகண்ட்ரோலர் எழுந்து, பஸ்ஸைத் திறந்து, மூன்று ரெஜிஸ்டரையும் எழுதும்வரை யாரும் பார்க்கவில்லை. அது சில மில்லி வினாடி என்றால் விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. சிப்பின் 3.3 வோல்ட் மட்டும் ஒரு கணம் அமிழ்ந்து சிப் ரீசெட் ஆகி, மைக்ரோகண்ட்ரோலர் தப்பிவிட்டால்? மைக்ரோகண்ட்ரோலர் தான் ஏற்கெனவே எழுதிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். சிப் எதையும் பார்க்காமல் பழைய நிலையில் உட்கார்ந்திருக்கும். வோல்டேஜ் விழும் இடத்தில் வைக்கும் சிப்புக்கு இது நடக்காது என்று சொல்ல முடியுமா? அதனால் புரோகிராமில் ஒவ்வொரு சில வினாடிக்கும் 00, 07 இரண்டையும் படித்து, நாம் எழுதிய மதிப்பு இல்லையென்றால் மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். 06-ஐ இதற்காகப் படிக்கக் கூடாது, படித்தால் பிடித்து வைத்த அலர்ட் விட்டுப்போகும். இது இல்லாத ஐஎன்ஏ226 போர்டை ஆலைக்குக் கொடுக்க மாட்டேன்.

தானே நினைவில் வைத்திருக்கும் சிப்

ஈஈப்ரோம் (கரண்ட் போனாலும் மறக்காத நினைவகம்) உள்ள சிப்புகள் மூன்றாவது வகை. இதில் இரண்டு குடும்பம் இருப்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒன்று, எல்டிசி2933 போன்றவை. ஆறு உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் ஐ2சி வழியே எழுதி ஈஈப்ரோமில் சேமிக்கலாம். கரண்ட் வந்ததும் அதிலிருந்து தானே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும், மைக்ரோகண்ட்ரோலர் எழ வேண்டியதில்லை. எல்லைத் துல்லியம் 1 சதவீதம். உள்ளே இருப்பது ஒப்பீட்டான், அதாவது எல்லைக்கு மேலா கீழா என்று மட்டும் பார்ப்பது. வோல்டேஜை எண்ணாகச் சொல்லாது. டிபிஎஸ்3808-ஐ ஆறு முறை போடுவதற்குப் பதிலாக ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம், எல்லையை மாற்ற சால்டரிங் அயர்ன் வேண்டாம் என்பது கூடுதல்.

இன்னொன்று, பிஎம்பஸ் (பவர் சப்ளைகளை நடத்துவதற்கான பஸ் வழக்கம்) பேசும் பெரிய சிப்புகள்: எட்டு ரெயிலுக்கு எல்டிசி2977, பத்து ரெயிலுக்கு யுசிடி9090. இவை பார்ப்பதோடு நிற்பதில்லை. எந்த ரெயில் முதலில் எழ வேண்டும், எது பிறகு, எது விழுந்தால் எவற்றையெல்லாம் சேர்த்து அணைக்க வேண்டும் என்பதையும் நடத்தும். எல்டிசி2977-இல் 16 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி), 0.25 சதவீதத் துல்லியம். யுசிடி9090-இல் 12 பிட். ஆனால் ஆலைக் கண்ணோட்டத்தில் இரண்டிலும் விலை மதிப்புள்ளது துல்லியம் அல்ல, பழுதுப் பதிவு. போர்டு விழுந்தபோது எந்த ரெயில் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சிப் தன் நிரந்தர நினைவில் எழுதி வைக்கும். இரவு இரண்டு மணிக்கு நின்றதைக் காலை எட்டு மணிக்குப் போய்ப் படிக்கலாம்.

செட்டிங் எழுதும் முறை ஐஎன்ஏ226 போல மூன்று ரெஜிஸ்டரோடு முடியாது. முதலில் 00 கட்டளையில் எந்தச் சேனல் என்று சொல்ல வேண்டும் (பிஎம்பஸ் கட்டளை எண்கள் எல்லாம் ஹெக்ஸ்). அதன்பின் 40-இல் மேல் பழுது எல்லை, 42-இல் மேல் எச்சரிக்கை, 43-இல் கீழ் எச்சரிக்கை, 44-இல் கீழ் பழுது எல்லை. எண் வடிவமும் வேறு. எல்டிசி2977-இல் 20-ஆம் கட்டளையைப் படித்தால் ஹெக்ஸில் 13 வரும். கடைசி ஐந்து பிட்டைக் குறியோடு படித்தால் மைனஸ் 13. அதாவது வோல்டேஜை 2-இன் 13-ஆம் அடுக்கான 8192-ஆல் பெருக்கி எழுத வேண்டும். 3.3 வோல்ட்டில் 5 சதவீதம் குறைவு 3.135, பெருக்கினால் 25682, ஹெக்ஸில் 6452. இங்கே சிறிய பைட் முதலில், 52 பிறகு 64. ஐஎன்ஏ226-க்குப் பழகிய கை இங்கே தலைகீழாகப் பழக வேண்டும்.

எழுதியதெல்லாம் இன்னும் வேலை நினைவில்தான் இருக்கிறது. நிரந்தரமாக்க ஒரு சேமிப்புக் கட்டளை தனியாக வேண்டும். எல்டிசி2977-க்கு 15. யுசிடி9090-க்கு 11. இரண்டும் பிஎம்பஸ்தான், ஆனாலும் ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டை மற்றதில் ஓட்டினால் எல்லாம் சரியாகப் போனது போலத் தெரியலாம். பெட்டியை அணைத்துப் போடும்வரை. அதனால் சேமித்தபின் கரண்டை எடுத்துவிட்டுப் போட்டு, மறுபடி படித்துப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டாம். சேமிக்கும்போது கரண்ட் போகக் கூடாது என்பதும், புரோகிராம் எழும் ஒவ்வொரு முறையும் சேமிப்புக் கட்டளையை அனுப்பக் கூடாது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியவை. ஈஈப்ரோமுக்கு எழுதும் எண்ணிக்கை வரம்பு உண்டு. கடைசியில் 10-ஆம் கட்டளையில் 80 எழுதினால், அதை நீக்கும்வரை எல்லைகளை யாரும் மாற்ற முடியாது. பஸ்ஸில் இரைச்சல் உள்ள இடத்தில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

இதெல்லாம் கையால் எழுத வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான். எல்டிசி சிப்புகளுக்கு எல்டிபவர்ப்ளே, யுசிடிக்கு ஃபியூஷன் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பும் அந்தந்த நிறுவனத்தின் யுஎஸ்பி இணைப்புக் கருவியும் வேண்டும். எல்டிசி கருவி டிசி1613-இல் ஒரு நல்ல வசதி: அதுவே 3.3 வோல்ட் கொடுக்கும், போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமலே செட்டிங்கை ஏற்றலாம். ஆனால் அந்தக் கருவி யாரிடம் இருக்கும்? பாடாங் செராயில் ஒரு பட்டறையில் ஒன்று இருந்தால் அதிகம். அந்தப் பட்டறை பூட்டியிருந்தால் சார்ஜ்மேன் அண்ணனின் கேள்விக்கு மறுபடி பதில் இல்லை. கருவி இல்லாமல் ராஸ்பெர்ரி பை கொண்டும் எழுதலாம், படிக்க லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. ஆனால் அதை எழுதத் தெரிந்த ஆளும் வேண்டும்.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம்

சிப் எதுவானாலும் பஸ் ஒன்றுதான். பிலிப்ஸ் 1982-இல் கொண்டுவந்த ஐ2சி ஒரே போர்டுக்குள் ஓடுவதற்காக ஆனது. நாம் அதைப் பெட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுக்கிறோம். கம்பி மீட்டருக்கு 50-லிருந்து 100 பிகோஃபேரட் வரை சேர்க்கும், பஸ்ஸுக்கு மொத்த வரம்பு 400. 100 கிலோ ஹெர்ட்ஸில் சிக்னல் 1 மைக்ரோ வினாடிக்குள் எழ வேண்டும். மொட்யூல்களில் வழக்கமாக வரும் 4.7 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 400 பிகோஃபேரட்டில் 1.6 மைக்ரோ வினாடி எடுக்கும். 2.2 கிலோ ஓம் போட்டால் 0.75-க்கு வந்துவிடும். அதற்காக 3.3 வோல்ட்டில் 1 கிலோ ஓமுக்குக் கீழே போகக் கூடாது. சிப்பின் கால் 3 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும் என்று விதி. நான்கு மொட்யூலை ஒன்றாகக் கட்டினால் நான்கின் புல்-அப்பும் சேர்ந்துகொள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முகவரியில் வரும் சண்டை எப்போதும் ஒன்றுதான்: ஐஎன்ஏ226 முகவரி 40 என்று ஒரு தாளில், 80 என்று இன்னொரு புரோகிராமில். இரண்டும் ஹெக்ஸ்: ஏழு பிட்டாக எழுதினால் 40, எழுதும் பிட்டையும் சேர்த்து எட்டாக எழுதினால் 80. சிப் ஒன்றுதான்.

மைக்ரோகண்ட்ரோலர் பாதிப் படிப்பில் ரீசெட் ஆனால், சிப் டேட்டா கம்பியைக் கீழே பிடித்தபடி அடுத்த கிளாக்குக்காகக் காத்திருக்கும். பஸ் செத்தது போலத் தெரியும். ஒன்பது கிளாக் துடிப்பு கொடுத்தால் விட்டுவிடும். வோல்டேஜ் சரியும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும் என்பதால் புரோகிராம் எழும்போதே இந்த ஒன்பது துடிப்பையும் கொடுத்துவிடுவது நல்லது. 1995-இல் லேப்டாப் பேட்டரிக்காக வந்த எஸ்எம்பஸ்ஸில் இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது: கிளாக் கம்பி 25-லிருந்து 35 மில்லி வினாடி வரை கீழேயே கிடந்தால் சிப் தானாகப் பிடியை விடும். பிஎம்பஸ் அதன் மேல் கட்டியது, அதனால் அதற்கும் இது உண்டு.

மைக்ரோகண்ட்ரோலரின் சொந்த ஏடிசியால் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்குச் சுருக்கமாக: தான் விழும்போது தானே அளப்பதை நம்ப முடியாது. ஆனால் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரில், வோல்டேஜ் தாழ்ந்தால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் என்ற காவல் தனியாக இருக்கிறது, 1.8, 2.7, 4.3 என்று மூன்று எல்லையில் ஒன்றை ஃபியூஸில் (அதன் நிரந்தர செட்டிங் பிட்) எழுதிவைத்தால் கரண்ட் போனாலும் மறக்காது. பம்ப் கண்ட்ரோலர்களில் அதை எழுதாமல் விட்டிருப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. செலவே இல்லாத வேலை.

எதை எங்கே

தோட்டத்து நீர் பம்ப், சோலார் சிசிடிவி மாதிரி ஒரு பேட்டரி, ஒரு மைக்ரோகண்ட்ரோலர் உள்ள வேலைக்கு: ஐஎன்ஏ226 ஒன்று, மைக்ரோகண்ட்ரோலரின் பிரவுன்-அவுட் 4.3 அல்லது 2.7. வேறெதுவும் வேண்டாம். செட்டிங் புரோகிராமில் இருக்கிறது, போர்டு செத்தால் அதே புரோகிராமை இன்னொரு போர்டில் ஏற்றினால் முடிந்தது. அலர்ட் தவறினாலும் பேட்டரி மெதுவாகத்தான் இறங்கும்.

ஆலைப் பெட்டியில் 24, 5, 3.3 என்று மூன்று ரெயில் உள்ள போர்டுக்கு இரண்டு சிப்: ரீசெட்டுக்கு டிபிஎஸ்3808, அளந்து பதிவு செய்ய ஐஎன்ஏ226. காப்பது ரெசிஸ்டரை நம்பும், கணக்கெடுப்பது புரோகிராமை நம்பும். புரோகிராம் தொங்கினாலும் ரீசெட் வேலை செய்யும். ஈஈப்ரோம் சிப் ஒன்று போட்டால் இரண்டையும் ஒன்றே செய்யாதா என்று கேட்கலாம். எல்டிசி2933 அளந்து சொல்லாது. எல்டிசி2977-இன் உள்ளீடு 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 24-க்கு எப்படியும் ரெசிஸ்டர் வைத்துப் பிரிக்க வேண்டும். விலையோ பல மடங்கு. மூன்று ரெயிலுக்கு அது தகாது.

எல்டிசி2933-க்கு நான் இடம் கொடுப்பது ஒரே நிலையில்: நான்கைந்து ரெயில், ஒரே வடிவ போர்டு பத்துக்கு மேல், எல்லை இன்னும் முடிவாகவில்லை. களத்தில் ஓடவிட்டுப் பார்த்து எல்லையை நகர்த்த வேண்டியிருக்கும்போது ஈஈப்ரோம் உண்மையிலேயே நேரம் மிச்சப்படுத்தும். எல்லை முடிவான பிறகு அடுத்த தொகுப்பை ரெசிஸ்டருக்கு மாற்றினாலும் தப்பில்லை.

ரெயில்கள் எழும் வரிசை முக்கியமான போர்டுகளுக்கு மட்டுமே பிஎம்பஸ் சிப்பை நானாகத் தேர்ந்தெடுப்பேன். எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைக்கக்கூடிய பெரிய சிப்) உள்ள போர்டில் வழக்கமாக அதன் உள்மையத்துக்கான கோர் வோல்டேஜ் முதலில் எழ வேண்டும், மற்றவை அதன் பின். அதை ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துச் செய்யப் போவது வீண் சிரமம். அப்படிப்பட்ட போர்டு நம் பட்டறைக்குப் புதிதாக வடிவமைக்க வருவது அபூர்வம். பழுது பார்க்கத்தான் வரும், கூலிமிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கழித்துவிட்ட சோதனைக் கருவிகளோடு.

அங்கே தேர்வு நம் கையில் இல்லை, சிப் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. செய்ய வேண்டியது வரிசை மாறாமல் சில வேலை. முதலில் எதையும் எழுதாமல், பழுதுகளை அழிக்கும் 03 கட்டளையைக்கூட அனுப்பாமல், 79-ஆம் கட்டளையில் நிலையையும், தனியாகப் பழுதுப் பதிவையும் படித்து எடுத்துவைக்க வேண்டும். அதன்பின் முழு செட்டிங்கையும் மென்பொருளில் இறக்கிக் கோப்பாக்க வேண்டும். சிப்பே கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கடையில் வாங்கும் புது சிப்பில் உற்பத்தியாளர் வைத்த பொது செட்டிங்தான் இருக்கும். அதை அப்படியே ஒட்டிக் கரண்ட் கொடுத்தால், நல்ல நிலையில் இருந்த எஃப்பிஜிஏவுக்கு எந்த வோல்டேஜ் எந்த வரிசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. பழைய சிப் பஸ்ஸில் பதிலே சொல்லவில்லை என்றால், அதே மாதிரி இன்னொரு போர்டு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதிலிருந்து செட்டிங்கை இறக்கிக்கொள்ளலாம். அதுவும் கிடைக்கவில்லையென்றால் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாமல் விடுவதே மேல்.